அடிக்கும் கணவர்களுக்கு ஓர் அளவுகோல்: காஜா பேராங்கில் ஒரு ஞாயிறு

வெட்கத்தைவிட்டுச் சொல்லிவிடுகிறேன்: சிரம்பானிலிருந்து மலாக்கா போன பேருந்தில், அலோர் காஜா வளைவுகளில், என் புதுத் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். மனைவியை அடிக்கும் ஆண்களைத் திருத்த, மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் ஒரு சங்கம் ஞாயிறு வகுப்பு நடத்தியது. திருந்திவிட்டான் என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கு விதி எழுதத்தான், பத்திரிகையில் கிறுக்குபவன் என்று என்னை அழைத்திருந்தார்கள். நண்டுக் கறி உண்டு என்றதும் கிளம்பிவிட்டேன்.

ஏழு மணிப் பேருந்து, ஏறக்குறைய ஐம்பது மைல், கட்டணம் இரண்டு வெள்ளி. ஒன்பதரைக்கு மலாக்கா. அங்கிருந்து பெச்சா என்னும் மிதிவண்டி ரிக்ஷாவுக்கு ஐம்பது காசு. தெரு முனையில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவரிடம் தமிழில் வழி கேட்டேன். மலாயில் பதில் வந்தது. பல தலைமுறைக்கு முன் வந்து மலாயே தாய்மொழியாகிவிட்ட மலாக்காச் செட்டிகள் அப்படித்தான், நீங்களும் திகைக்காதீர்கள்.

சங்கத்தில் நிர்வாகிகள் ஐவர். தலைவர் மாணிக்கம் அரசாங்கக் கிராணி, அதாவது குமாஸ்தா. வகுப்புக்கு வாத்தியாரும் அவரே. எட்டு வாரமும் தவறாமல் வந்தால் நற்சான்றிதழ் என்பது அவர் எழுதி வைத்திருந்த விதி. முதல் சான்றிதழ் அன்று லாரி ஓட்டுநர் பெருமாளுக்குக் கிடைப்பதாக இருந்தது. தலையில் எண்ணெய் வழிய, எங்களுக்குத் தேநீர்கூட அவர்தான் ஊற்றினார். சான்றிதழ் வந்தால் புக்கிட் பாருவில் தன் அண்ணன் வீட்டிலிருக்கும் அவர் மனைவி செல்லம் திரும்பிப் போயாக வேண்டும். அண்ணன் அப்படி வாக்குக் கொடுத்து, அவளைக் கையோடு அழைத்தும் வந்திருந்தார்.

செல்லம் எழுந்தாள். "தலைவரே, வகுப்புல இவரு யாரையாச்சும் அடிச்சாரா?"

"சேச்சே, தங்கமான மனுசன்மா."

"வெளிய இவரு எப்பவுமே தங்கந்தான். கதவச் சாத்துனா எப்படின்னு என்னைத்தானே கேக்கணும்? இவரு இல்லாம, எங்கண்ணன் இல்லாம, தனியாக் கேளுங்க."

பொருளாளர் காதர் பாய்க்கு மளிகைக் கடை. "மீனு நல்லாருக்கான்னு விக்கிறவன்கிட்டயா கேக்குறது, கிராணி? தின்னவங்களக் கேக்கணும்லா," என்றார்.

விதியை மாற்றி எழுதினேன்: மனைவியைத் தனியே கேட்க வேண்டும்; அவள் சரி என்னும்வரை சான்றிதழும் இல்லை, அவள் திரும்பவும் வேண்டாம். பாயின் மனைவி பக்கத்து அறையில் கேட்டுவிட்டு வந்து, "இன்னும் இல்லையாம்," என்றார். பெருமாள் தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அண்ணன் சைக்கிளைத் திருப்ப, செல்லம் பின்னால் ஏறிக்கொண்டாள். அந்த உற்சாகத்தில், வாத்தியாராக யார் வந்தாலும் அவருக்கும் அதே விதி, அவர் மனைவியையும் தனியே கேட்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டோம்.

பேருந்தில் போகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். நண்டுக்காகவே போகலாம். அடிக்காத வீட்டின் அடையாளம் வருகைப் பதிவில் கிடைக்காது என்று அங்கேதான் எனக்கும் உறைத்தது.

வகுப்பு மட்டும் அதன்பின் நடக்கவில்லை. அந்தப் பக்கத்து அறைக்குத் தம் மனைவியை அனுப்ப ஐவரில் ஒருவரும் இன்னும் முன்வரவில்லை.