ரெய்னர்ஸ் லேனில் ஒரு சுவீடன்காரி

மலினுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. லண்டனின் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்த ஏழு ஆண்டுகளில் மூன்று வீடு மாறிவிட்டாள். முதல் வீட்டில் வெளிச்சம் போதவில்லை. அடுத்ததில் பக்கத்து வீட்டு நாய். மூன்றாவதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வேறு வீடு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சுவீடனில் அவள் அப்படியில்லை. நோர்ஷோப்பிங் நகரத்தில் பிறந்து, அங்கேயே முதியோர் இல்லமொன்றில் வேலைபார்த்து, அங்கே துப்புரவு வேலைக்கு வந்த பிரதாபன் என்ற கிளிநொச்சிக்காரனைக் கல்யாணம் முடித்து, முப்பது வயது தாண்டும்வரை ஒரே தெருவில் இருந்தவள். லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்த பிரதாபனின் ஒன்றுவிட்ட அண்ணன் கிருஷ்ணராசா, "இஞ்சை எங்கடை சனம் இருக்கு, வா" என்று கூப்பிட்டார். பிரதாபனின் முகம் மலர்ந்ததைப் பார்த்து மலினும் சரியென்றாள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகள் மயூராவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

வந்த இடத்தில் எல்லோரும் அவளை அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். புருசனிடம் கற்ற தமிழில் அவள் முருங்கைக்காய்க்கு விலை கேட்டால் கடையில் நிற்கும் பெண்கள் "சுவீடன் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஊரில் இருந்த மாமியாரும் தொலைபேசியில் அவளோடு வாஞ்சையாகப் பேசுவார். பிரதாபனின் தங்கை யோகமலர் மட்டும் பேசமாட்டாள். அண்ணன் வெள்ளைக்காரியைக் கட்டியது அவளுக்குப் பொறுக்கவில்லை. மலின் ரிசீவரை வாங்கினால் மறுமுனையில் வைத்துவிடுவாள்.

2009 பிறந்தபோது மலின் ஒரு முடிவோடு இருந்தாள். பழைய முதியோர் இல்லத்தில் கோடை முடிந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றாள். பிரதாபனும் தலையாட்டினான். ஆனால் அதற்குள் பிரதாபனின் ஊர்ப்பக்கமான வன்னியில் யுத்தம் முற்றிவிட்டது. அவன் தாயும் தங்கையும் தங்கையின் மகள் லோஜினியும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

சித்திரை பிறக்கும் முன்னரே பிரதாபன் அண்ணனின் கடையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டான். தினமும் வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றத்துக்கு முன்னால், யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கூடி நின்ற சனத்தோடு போய் நின்றான். இரவு தொண்டை கட்டி வந்து படுப்பான். மலினுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"நீங்கள் கத்தினால் குண்டு நிக்குமோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"வீட்டிலை இருந்தால் நிக்குமோ?" என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அலுமாரிகளைக் காலிசெய்து திரும்ப அடுக்கினாள். கழுவிய திரைச்சீலையை மறுபடி கழுவினாள். வைகாசியில் யுத்தம் முடிந்ததென்று செய்தி சொன்னது. பிரதாபன் அப்போதும் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், காற்றோடு கலந்து வந்தது.

"அண்ணை நிக்கிறாரோ?"

"இல்லை. நான் மலின்."

'அண்ணை' என்று கேட்டது யோகமலர்தான் என்று மலினுக்கு விளங்கியது. வழக்கம்போல் வைத்துவிடுவாள் என்று பயந்தாள். "வைக்காதையுங்கோ யோகா. சொல்லுங்கோ, நான் அவரிட்டைச் சொல்லுறன்."

"கனக்கக் கதைக்கேலாது மச்சாள். ஆரோ ஒருத்தரின்ரை போன். நானும் லோஜினியும் செட்டிக்குளம் அகதிக் காம்பிலை இருக்கிறம். அம்மா இல்லை மச்சாள். வாற வழியிலை செல் விழுந்து... விட்டிட்டு வரவேண்டியதாப் போச்சு. அண்ணைக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ."

தொடர்பு அறுந்தது.

மலின் ரிசீவரை வைத்தாள். பிறகு பிரதாபனின் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கும் முன்னரே நிறுத்தினாள். இதைத் தொலைபேசியில் சொல்வதா? "மயூரா, சப்பாத்தைப் போடு, அப்பாட்டைப் போவம்," என்றாள்.

"மம்மா, என்ன நடந்தது?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். ரயிலில் ஏறிய பிறகுதான் மலின் சொன்னாள். மயூரா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வழிநெடுக மலின் வார்த்தை தேடினாள். அவளும் பிரதாபனும் தனித்திருக்கையில் பேசுவது சுவீடிஷ்தான். அந்த மொழியில் சொன்னால் அது யாரோ ஒருவருடைய மரணம்போல் ஒலித்தது. தமிழில் 'காலமானார்' என்று வானொலியில் கேட்டிருக்கிறாள். அதுவும் அந்நியமாக இருந்தது. ஃபின்ச்லி ரோட் நிலையத்தில் ரயில் மாறியபோதும் அவளிடம் ஒரு சொல்லும் அகப்படவில்லை.

கூட்டத்துக்குள் நுழைந்து, தெரிந்த முகங்களை விசாரித்து விசாரித்துப் போனாள். பிரதாபன் அவளைத் தூரத்திலேயே கண்டுவிட்டான். அவள் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. அவன் முகம் இருண்டது.

"யோகா உயிரோடை இருக்கிறா. லோஜினியும் இருக்கிறாள்," என்றாள் மலின். மூச்சு வாங்கியது. "மாமி இல்லை."

"எப்போது?" என்று அவன் சுவீடிஷில் கேட்டான்.

"தெரியாது."

அவன் புல்லில் குந்தினான். பிறகு, "அவள் என்ன சொன்னவள்? சொன்னபடியே சொல்லு," என்றான். மலின் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"உன்னை மச்சாள் எண்டவளோ?" என்று கேட்டான் பிரதாபன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

மறுநாளிலிருந்து அவன் வெஸ்ட்மின்ஸ்டர் போகவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை. வாசலில் நிறுத்திய காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். அவனை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டி கட்ட மலினுக்கு மனம் வரவில்லை. சுவீடனுக்கு அழைத்து, வேலைக்கு வரவில்லை என்றாள். வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்ற நிறைவு ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

யோகமலர் இடையிடையே அழைத்தாள். அழைத்தால் மலினைத்தான் கேட்பாள். "அண்ணையோடை கதைச்சால் அழத்தான் வருகுது. உங்களோடை மற்ற விசயமும் கதைக்கேலும்," என்றாள் ஒருமுறை. தண்ணீருக்கு வரிசை நிற்பது, லோஜினியின் காய்ச்சல், சவர்க்காரம் கிடைக்காதது என்று கதை நீளும். மலினுக்குப் புரியாத சொற்களும் வரும். அவள் நிறுத்திக் கேட்பாள். யோகமலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள்.

மார்கழிக்குள் யோகமலரையும் லோஜினியையும் இராணுவம் காம்பிலிருந்து வெளியே விட்டது. வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டில் தாயும் மகளும் ஒதுங்கினார்கள். அவர்களைப் பார்க்கப் போய்க் கொழும்பில் இறங்கினால் தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று பிரதாபனுக்குப் பயம்.

"அப்ப நான் போறன்," என்றாள் மலின்.

நத்தார்ப் பண்டிகை விடுமுறையில் மயூராவோடு போனாள். கொழும்பின் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கிய யோகமலர், மலின் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவமாக இருந்தாள். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. யோகமலர் மயூராவின் நாடியைப் பிடித்து முகத்தை உயர்த்தி, "எங்கடை அம்மாவின்ரை நெத்தி," என்றாள். மலின் லோஜினியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

குடும்பம் சுவீடனுக்குத் திரும்பவில்லை. அடுத்த வசந்தத்தில் மலின் நாலாவது வீட்டைக் கண்டுபிடித்தாள். அதே ரெய்னர்ஸ் லேனில், இரண்டு தெரு தள்ளி. பிரதாபன் ஏனென்று கேட்கவில்லை. சாமான்களை ஏற்றக் கிருஷ்ணராசாவின் கடை வானை வாங்கிக்கொண்டு வந்தான்.