கேதம் சொன்னவர்

ராஜபாளையத்தில் யார் செத்தாலும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கேதம் சொன்னவர் அவர். சித்திரை வெயிலிலும் சஃபாரி சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். மைக்கை எடுக்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

என் அத்தை இறந்த அன்று வாசலில் நின்று என்னிடம் கேட்டார். "அவிய என்ன சாதிச்சிருக்காக?"

"மில் வேலைக்குப் போவாக, வருவாக. அம்புட்டுதான் அண்ணே."

"அம்புட்டுதான்னு மைக்குல சொல்ல மாட்டேம்மா. செத்த நேரம் யோசிங்க."

உள்ளே அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று ஒப்பாரியை நிறுத்தினாள். "மில் வாசல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸ நிறுத்துனது யாரு? எங்க மதினிதான! கொட்டுற மழையில குடையோட நடுரோட்டுல போய் நின்னாகளே! டிரைவர் எம்புட்டு வஞ்சும் நகரலையே! அன்னையிலருந்துதான அங்க ஸ்டாப்பிங்!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மில் வாசலில் பஸ்ஸை நிற்க வைத்தவர் காலமானார்" என்றுதான் ஊரெல்லாம் சொன்னார். யாருக்கு அக்கா, யாருக்கு அத்தை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அத்தையை ஒருநாளும் பார்த்திராத சின்னப் பெண்கள்கூட வந்தார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை, அத்தனை கூட்டம்.

போன வாரம் அவரே இறந்துபோனார். கேதம் சொல்ல வேறொரு ஆட்டோ வந்தது. இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மாமனார், மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

நான் நடுத்தெருவில் போய் நின்று ஆட்டோவை மறித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, "மைக்கை இங்க குடுங்க தம்பி" என்றேன்.