ரோஸ்லின் பக்கம் தவறில்லை

வியாழக்கிழமை காலை, ஜோகூர் தெப்ராவில் எங்கள் அலுவலகத்தில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் கம்பெனி, ரோஸ்லினின் கம்பெனி என இரண்டு கம்பெனிப் பொறியாளர்களும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ரோஸ்லின் காலமானார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நாற்பத்தாறு வயது. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, ஒரு டயாலிசிஸ் மையத்தின் நெட்வொர்க் லைன் இரண்டு மணி நேரம் அறுந்து கிடந்தது. அது ரோஸ்லினின் தவறு என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை என்று எனக்குத் தெரியும். அவரை அறிந்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

நாங்கள் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள் இல்லை. வாடிக்கையாளரின் ஜோகூர் கிளைகள் எங்கள் நெட்வொர்க்கில் இருக்கும், கோலாலம்பூர் தலைமையகம் அவருடைய கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கும். இரண்டையும் இணைத்து, வெளியார் எட்டிப் பார்க்க முடியாத ஒரே தனி வழியாக, ஒரு விபிஎன்னாக, ஆக்கித் தருவதுதான் எங்கள் இருவரின் வேலை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் உண்டு. அது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் ரூட்டரில் விளக்கெல்லாம் பச்சையாகவே எரியும், தகவல் மட்டும் போகாது. அப்போது இரண்டு கம்பெனியும் "எங்க பக்கம் எல்லாம் ஓகே" என்று சொல்லிப் போனை வைத்துவிடும். ஒன்பது வருடத்தில் ரோஸ்லின் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலையிலேயே, "செல்வம், உங்க செட்டிங்ஸ நீங்க படிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க, நான் படிக்கிறேன். என்னோடத நீங்க படிங்க" என்றார். அடுத்த கம்பெனிக்காரர் என் வேலையைத் திருத்துவதா என்று எனக்கு எரிச்சல். எதற்கு என்று கேட்டேன். "அவங்கவங்க தப்பு அவங்கவங்க கண்ணுக்குத் தெரியாது லா." ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாக வாசிப்பார், அதுவும் மூன்று தடவை. அன்று என்னுடையதில் ஒரு பிழை கண்டுபிடித்தார். அவருடையதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பில் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மூணு தடவை ரோஸ்லின்' என்று பெயர் வைத்தேன். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. பிறகு போன் செய்யும்போதெல்லாம், "மூணு தடவை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆயர் ஈத்தாமில் அந்த டயாலிசிஸ் மையம் கிளை திறந்தபோது நேரில் பார்க்க வந்தார். வர வேண்டிய தேவையே இல்லை. உள்ளே ஒரு மலாய் மூதாட்டி கையில் ஊசியோடு படுத்திருந்தார். தாதி கணினியில் பதிவதைக் கோலாலம்பூரில் இருக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரோஸ்லின் வெகுநேரம் நின்றார். பிறகு கடையில் உட்கார்ந்தபோது ரொட்டி சானாயைத் தொடவில்லை.

"நாளைக்கு இவங்க லைன நம்ம வழிக்கு மாத்துறோம்ல, சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"இத்தன வருஷமா செய்யுறீங்க, இன்னுமா பயம்?"

"பயம் போயிருச்சுன்னா இந்த வேலைய விட்டுரணும், செல்வம்."

நான் சிரித்துவிட்டு அவருடைய ரொட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. முதல் நாள்தான் ரோஸ்லின் தன் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்திருந்தார். வழக்கம்போல என்னிடம் வாசிக்கக் கொடுத்தார், எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை எங்கள் பக்கத்தில் ஒரு பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். சின்ன வேலைதானே, இதற்கும் மூன்று தடவை வாசிப்பாரே என்று அலுத்துக்கொண்டு அவரிடம் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு அவர் கூப்பிட்டார்.

"லைன் இல்ல. என் பக்கம் மூணு தடவை பார்த்துட்டேன். உங்க பக்கம் ஒரு தடவை பாருங்களேன். அங்க பேஷண்டுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க பக்கம் எல்லாம் ஓகே. நேத்து நீங்கதானே மாத்துனீங்க?"

"சரி, மறுபடியும் பார்க்குறேன்" என்று வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு மனசு கேட்காமல் திறந்தேன். அலமாக். புதிய ரூட்டரில் அந்த எண் இருக்கும் வரியே இல்லை. போன வருடம்தான் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். வரியைச் சேர்த்தேன், லைன் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காத்திருந்ததோடு சரி. 'தானாகச் சரியானது' என்று அப்போதைக்குப் புகாரை மூடினார்கள், யார் தவறு என்பது மட்டும் விசாரணையில் இருந்தது.

ஜோகூரிலேயே, உலு திராமில் ரோஸ்லின் வீட்டில் துக்கத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மேலாளர் கூடாரத்து ஓரமாக என்னை அழைத்துப் போனார். "செவ்வாய்க்கெழம கேச ரோஸ்லின் பேர்ல முடிச்சிரலாம்னு இருக்கோம். போனவங்களுக்கா வார்னிங் லெட்டர் குடுக்கப் போறாங்க? யாருக்கும் பாதிப்பு இல்ல லா." நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். திரும்பினால் ரோஸ்லினின் கணவர் அந்தோணி நிற்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு ராத்திரியும் அவ தூங்கல, செல்வம். எங்க விட்டேன், எங்க விட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கண்டுபிடிச்சீங்களா? எங்கதான் விட்டா?"

"தெரியலண்ணே" என்றேன். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் சாவுக்கு நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. பல வருட இரத்த அழுத்தம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் அந்த இரண்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தவன் நான்.

இன்று காலை இரண்டு கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். ரூட்டரின் பதிவையும் இணைத்தேன். எந்த வரி விட்டுப்போனது, எப்போது யார் சேர்த்தது, எல்லாம் அதில் இருக்கிறது. பிறகு அந்தோணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ரோஸ்லின் எங்கயும் விடல. விட்டது நான்."

"அவ கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

போனை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை லைன் வந்ததும் ரோஸ்லின் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "வந்துருச்சு செல்வம். நீங்க என்ன செஞ்சீங்க?" படித்தேன், பதில் போடவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். மூன்று மணிக்கு எங்கள் மேலாளர் வரச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன கேட்டாலும், நான் ரோஸ்லினுக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.