ஊதுபத்தியை எடுக்கச் சொல்லப் போனவன்

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதி பாஸ்டர் மேல், பாதி என் மேல்.

இறையியல் படிப்பின் களப்பயிற்சிக்காக வியட்நாமில், சைகோன் நகரத்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். டோங் டு தெருவுக்குப் பக்கத்தில் வாடகை மாடியில் ஆராதனை. அங்கே வருகிறவர்களில் ஒருவர் காரைக்கால்காரர், பின் யுவோங் என்ற பகுதியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். கம்பெனியில் லீவு தரவில்லை. அடக்கத்தைச் செல்போனில்தான் பார்த்தார். தன் அறையில் ஒரு நினைவு ஜெபமாவது நடத்தித் தரும்படி பாஸ்டரிடம் கேட்டார்.

பாஸ்டர் சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். அதற்குள், அந்த அறையில் அம்மா போட்டோவுக்கு முன்னால் ஊதுபத்தி எரிகிறதென்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "அத எடுத்தாதான் நான் உள்ள வருவேன்னு சொல்லிடுங்க பிரதர். விக்கிரகத்துக்கு முன்னாடி ஜெபம் கிடையாது" என்று என்னை அனுப்பினார். போன மாதம் தன் பிறந்தநாளுக்கு இதே பாஸ்டர் ஆளுயர மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு கேமராவுக்குச் சிரித்தவர். அவர் கழுத்தில் ஏறினால் மரியாதை, இறந்துபோன தாய்க்கு வைத்தால் விக்கிரகம். அதை நேரே கேட்க எனக்குத் துப்பில்லை. என் பயிற்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே.

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சொன்னேன். வசனம் வேறு எடுத்துக் காட்டினேன். கேடுகெட்ட படிப்பு.

"இத நான் வைக்கல பிரதர். கீழ இருக்கற வியட்நாம்கார வீட்டுக்காரம்மா வச்சாங்க. செத்தவங்களுக்குப் பத்தி ஏத்தறது அவங்க வழக்கம். அடக்கத்தன்னிக்கு போனப் புடிச்சிக்கிட்டு நான் அழுதப்ப கூட ஒக்காந்திருந்தது அவங்க ஒருத்தங்கதான். சபையிலேந்து யாரும் வரல" என்றார்.

நானும் போயிருக்கவில்லை. ஆனாலும், "எடுத்திடுங்கண்ணே" என்றேன்.

ஊதுபத்தி செருகிய சாம்பல் கிண்ணத்தையும் மஞ்சள் சாமந்தியையும் அவர் கட்டிலுக்கடியில் தள்ளினார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா நல்ல உடுப்பு உடுத்தி, புது ஊதுபத்தியோடு படியேறி வந்தார். போட்டோவுக்கு முன்னால் வெறும் மேசையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பத்தியோடு அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

பாஸ்டர் வந்தார். முக்கால் மணி நேரம் ஜெபித்தார், சபைக்குச் சொந்தக் கட்டிடம் வேண்டுமென்று. இறந்துபோன அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. காரைக்கால்காரர் வாங்கி வைத்திருந்த பிரியாணியைச் சாப்பிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு காரைக்கால்காரர் ஆராதனைக்கு வரவில்லை. தேடிப் போனேன். கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்தக் குடும்பத்து முன்னோர் படங்களுக்கு நடுவே அவருடைய அம்மாவின் போட்டோ, மூக்குத்தியோடு. முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அவரும் வீட்டுக்காரம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மாவுக்கு இனிமே இங்கதான் ஜெபம் பிரதர்" என்றார்.

வீட்டுக்காரம்மா எழுந்து எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். காரைக்கால்காரர் அவரிடம் வியட்நாமியத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அந்த அம்மா நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.