ஹெஃபினாவின் விரலும் திருட்டு விசிலும்

பிளைன்-நாந்த் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஹெஃபினாவுக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கற்பலகைச் சுரங்க ஊரில் பிறந்தவள். தெரிந்ததெல்லாம் விசில்தான். அதையும் கால்பந்து மைதானத்தில், பையன்களோடு போட்டி போட்டுக் கற்றிருந்தாள். வலது கையின் இரண்டு விரல்களை நாக்குக்கு அடியில் வைத்து ஊதினால் எதிர்மலையில் மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கும். கணவர் எம்லின் லாரி ஓட்டுகிறவர். ஆட்டுப்பட்டிப் பக்கம் போனாலே தும்முவார். ஆகவே மந்தையும் நாய்களும் மெல்ல மெல்ல அவள் கைக்கு வந்துசேர்ந்தன. அந்த விசிலைக் கொண்டே நாய் பழக்கினாள். கடையில் விற்கும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். பக்கத்துப் பண்ணை இட்வல் அப்படி ஒருவன். பள்ளத்தாக்கின் மேய்ப்பு நாய்ப் போட்டியில் கோப்பை பெரும்பாலும் அவன் வீட்டுக்குத்தான் போகும். அந்தச் சிரிப்புக்கு அவன் சொல்லும் பதில் அதுதான்.

இந்த ஆண்டு அவளுடைய கிழட்டு நாய் மோட்டுக்குக் கடைசிப் போட்டி. முகவாய் நரைத்துவிட்டது, காதும் கொஞ்சம் மந்தம். ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை அவன் ஒருமுறை நன்றாக ஓடிவிட்டால் போதும், பிறகு அடுப்படியில் படுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருந்தாள்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் விரலில் கொப்புளம் வந்தது. வலது ஆள்காட்டி விரல். சிவந்து, நடுவில் வெளுத்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் அதற்கு யாரும் டாக்டரிடம் ஓடமாட்டார்கள். ஆட்டைப் பார்க்க வரும் மெரரிட்டிடமே விரலையும் நீட்டிவிடுவார்கள். கால்நடை மருத்துவர் மெரரிட் ஒரு செம்மறியின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். இது ஆர்ஃப், ஆட்டுக்குட்டிகளின் வாயில் வரும் சொறிப்புண் என்றாள். கையுறை இல்லாமல் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தீர்களா என்று கேட்டாள். ஹெஃபினா ஒப்புக்கொண்டாள். ஏற்கெனவே ஒரு தடவை வந்து போனதுதானே, இனி வராது என்ற தைரியம். அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மை மாதிரி ஒருதடவையோட விட்டுடும்னு நெனச்சேனே, கண்ணு."

"விடாது அக்கா. அது பெரிய திருட்டுப்பய. நம்ம உடம்புக்குள்ள காவல்நாய்ங்க இருக்குன்னு வெச்சுக்கோங்க. வெளியாளு வந்தா பாஞ்சு கடிக்கும். வேலை முடிஞ்சா 'போதும், படு'ன்னு உடம்பே ஒரு விசில் அடிக்கும். அடிக்கலன்னா அதுங்க நம்ம வீட்டையே கொதறிடும். இந்த வைரஸ், எந்தக் காலத்துலயோ ஒரு ஆட்டுக்கிட்டேர்ந்து அந்த விசில் மரபணுவைச் சுருட்டிட்டு வந்துடுச்சு. உள்ள நுழைஞ்சதும் அதை எடுத்து ஊதும். நாய்ங்க படுத்துடும். அதனாலதான் திரும்பத் திரும்ப வருது."

"ஆட்டோட விசிலுக்கு என் நாய் எதுக்குப் படுக்கணும்?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மெட்டு. ஊதுறது யாருன்னு நாய் பாக்கறதில்லையே."

ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும் என்றும், உடம்பின் நாய்கள் நிரந்தரமாக ஏமாறுவதில்லை என்றும் மெரரிட் தேற்றினாள். கட்டுப் போட்டுவிட்டுக் கடைசியாகச் சொன்னதுதான் இடி. எந்தக் கை விரலும் வாய்க்குப் போகக்கூடாது. போனால் உதட்டிலும் வந்துவிடும்.

ஹெஃபினா குரல் கொடுத்துப் பார்த்தாள். மலைச்சரிவின் பாதியைத் தாண்டுவதற்குள் அது மோட்டின் காதுக்கு எட்டாமல் போயிற்று. வெட்கத்தை விட்டுக் கடை விசில் ஒன்றை வாங்கினாள். தேநீர்க் கெட்டில் கொதிக்கிற சத்தம்தான் வந்தது. அதைப் பழகவே மாதக்கணக்காகும். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தவளுக்கு, மெரரிட் சொன்னது மனதில் ஓடியது. ஊதுவது யார் என்று நாய் பார்ப்பதில்லை. அந்தத் திருடனுக்கு வாயே கிடையாது. மெட்டு மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்தே பிழைத்துக்கொள்கிறான்.

தொலைபேசியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மகள் பள்ளிக்கூடத்தில் வாசித்த பிளாஸ்டிக் ஊதுகுழல் அலமாரியில் கிடந்தது.

முதல் நாள் அவள் ஊதியதும் மோட் தலையைச் சாய்த்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். ஹெஃபினா விடவில்லை. துளையை மூடிய விரலை மெதுவாக வழித்து எடுத்தால் அவளுடைய விசிலைப் போலவே சத்தம் வளைந்து ஏறியது. இடப்பக்கம் போக ஒரு வளைவு, வலப்பக்கம் போக ஒன்று, படுக்க ஒரே நீள ஊதல். இரண்டாம் நாள் மாலையில் நீள ஊதலுக்கு மோட் சேற்றில் பொத்தென்று படுத்தான். எம்லின் ஜன்னலைத் திறந்து, இரவு உணவுக்கும் இதே இசைதானா என்று கேட்டார்.

சனிக்கிழமை அவள் குழலோடு, நாயை ஓட்டுகிறவர் நிற்கவேண்டிய கம்பத்தடியில் போய் நின்றதும் வேலியோரம் சிரிப்பலை எழுந்தது. இட்வல் சும்மா இருப்பானா?

"ஏ ஹெஃபினா, நாயை ஓட்டப்போறியா, பாம்பை ஆட்டப்போறியா?"

"பக்கத்துல வந்து நில்லு. எது ஆடுதுன்னு பாப்போம்."

அவன் நடுவரிடம் முறையிட்டான். எதைக் கொண்டு ஊதவேண்டும் என்று விதியில் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார்.

மோட் பறந்தான். மேட்டைச் சுற்றி ஆடுகளின் பின்னால் போய்ச் சேர்ந்ததும் அவள் நீள ஊதலை விட்டாள். மோட் படுத்தான். வேலியோரம் முறைக்குக் காத்திருந்த நாய்களில் நாலைந்தும் படுத்தன. இட்வலின் நாய் கெப் அவன் பூட்ஸ் மேலேயே படுத்தது. எழு என்று அவன் அதட்ட, அவள் மறுபடி ஊத, அது மறுபடி படுத்தது. இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

கடைசியில் ஆடுகளைப் பட்டிக்குள் அடைக்கவேண்டும். அங்கேதான் வினை. கதவின் கயிற்றை ஒரு கையால் பிடித்தே ஆகவேண்டும், விட்டால் புள்ளி போய்விடும். கட்டுப் போட்ட கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் குழலைப் பிடித்தாள். மேல்துளைகள் மட்டும்தான் விரலுக்கு எட்டின. வளைவுகள் பாதிப் பாதியாக வந்தன. ஒரு ஆடு திரும்பி அவளை முறைத்துக் காலைத் தட்டியது. மோட் அரைகுறை மெட்டைக் கேட்டு ஒரு கணம் நின்றான். பிறகு புரிந்துகொண்டவன்போல வலப்பக்கம் இரண்டடி ஊர்ந்தான். நீள ஊதல். படுத்தான். ஆடுகள் ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பட்டிக்குள் போயின.

கதவை அடைத்த சந்தோஷத்தில் குழலைக் கக்கத்தில் இடுக்கினாள், அவளுடைய இடது கை விசிலடிக்கத் தானாகவே வாய்க்குப் போயிற்று. வேலிக்கு அப்பாலிருந்து மெரரிட்டின் குரல் வந்தது.

"அக்கா, கையைக் கீழ போடுங்க!"

கோப்பை இட்வலுக்கே போனது. மோட் இரண்டாவதாக வந்தான். பரிசு நாடாவைக் கட்ட ஹெஃபினா குனிந்தபோது அவன் மல்லாந்து வயிற்றைக் காட்டினான். கட்டுப் போடாத கையால் அதை வெகுநேரம் சொறிந்துகொடுத்தாள்.