மிஞ்சிய எட்டு அழைப்பிதழ்கள்

டச்சு ஊரான டெவென்டரில் எங்கள் அச்சகத்து மெஷின்மேன் ரைண்டர். மை சீராக விழும்வரை வீணாகும் என்று எந்த வேலைக்கும் சில தாள்களைக் கூடுதலாகப் போடுவார். எண்ணிக்கை பிசகி வாடிக்கையாளர் முறைத்தால், "அச்சுன்னா கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அனுசரிச்சுக்கணும்" என்பார்.

தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு இருபது அழைப்பிதழ் போதும். வீணாவதற்கு எட்டுத் தாள் சேர்த்துக்கொண்டார். பாழாய்ப்போன மெஷின் அன்றைக்கென்று பார்த்து ஒன்றைக்கூடக் கெடுக்கவில்லை. நல்ல தாளைக் குப்பையில் போட அவருக்கு மனசு வருமா? மிஞ்சிய எட்டையும் பல் டாக்டர், தபால்காரர், போட்டி அச்சகத்து முதலாளி என்று கண்டவருக்கெல்லாம் வீட்டில் சொல்லாமலே அனுப்பிவிட்டார்.

எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு துண்டு என்று எண்ணித்தான் கேக் வாங்குவோம். அவர் மனைவி ஹில்ட்யா மெலிசாக வெட்டிச் சமாளித்தாள். என் துண்டின் வழியே எதிர் நாற்காலிக்காரர் முகமே தெரிந்தது. அப்படியும் ஒன்று குறைந்தது.

"எனக்கு எங்க?" என்றார் ரைண்டர், காலித் தட்டை நீட்டி.

ஹில்ட்யா கத்தியைத் துடைத்தாள். "கேக்குன்னா கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், ரைண்டர். அனுசரிச்சுக்கோ."