பேட்டரிக்கு அபிஷேகம்

எங்கள் தெருவில் விளக்குக் கம்பத்தை நட்டுவிட்டு, கம்பி இழுக்க ஆள் வராமல், காக்காய் உட்காருவதற்கென்றே அது மொட்டையாக நின்ற வருஷம் அது. அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது சந்தன வாசனை. கோயில் சந்தனம் இல்லை. பேட்டரித் திராவகத்தின் நெடியோடு கலந்து புளிப்பேறிய சந்தனம்.

வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். அங்கே ஆயில் இன்ஜினில் ஓடும் அரிசி மில் வைத்திருந்த முதலாளியிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. ஊரில் அதற்குப் பெயர் ‘பிளஷர்’. அதை ஓட்டியவர் என் அப்பா கலியபெருமாள். எங்கள் வகையறாவில் வண்டிச் சாவியைக் கையில் வாங்கிய முதல் ஆள். அவருக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவன் வயலில் குனிந்தவர்கள். ஆனால் முதலாளி வாயில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. ‘டேய் டிரைவரு’ என்பார். மில்லில் கட்டியிருந்த எருமைக்குக்கூட லட்சுமி என்று பெயர் இருந்தது.

ஆயுத பூசை வந்தால் காரைக் கழுவி, பேட்டரியைக் கழற்றி, துடைத்து, வாழையிலை போட்ட பலகைமேல் வைக்க வேண்டும். நெல் அளக்கிற மரக்கால், தராசு, ஸ்பானர் எல்லாவற்றோடும் அதுவும் உட்கார்ந்திருக்கும். முதலாளி தன் கையால் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைப்பார். அவர் கஞ்சத்தனம் ஊரறிந்தது, சந்தனத்தில் மட்டும் தாராளம். அந்த வருஷம் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உருண்டை உருண்டையாக அப்பினார். அவர் வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அடுத்த பூசை வரைக்கும் தானாக உதிர்ந்தால் உதிரலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம். அப்பா சந்தனத்தின்மேலேயே ஒயர் மாட்டும் கிளாம்பை அழுத்தி முடுக்கினார்.

ஈரம் இருந்தவரை வண்டி ஓடியது. இரண்டாம் நாள் காய்ந்து கெட்டியானதும் ‘செல்ஃப்’ எடுக்கவில்லை, ஹாரன் இருமியது, விளக்கு மின்மினியாக மினுங்கி அணைந்தது. மில்லில் நெல் காயப்போடும் பெண்கள் சேர்ந்து தள்ளினால் ஓடும், நின்றால் மறுபடி தள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை முதலாளி மகளைப் பெண் பார்க்கச் செட்டிகுளத்துக்காரர்கள் வருகிறார்கள். ரயிலடிக்குப் போய் அவர்களை ஏற்றிவர வேண்டும். வருகிற சம்பந்தியை இறங்கி வண்டி தள்ளச் சொல்ல முடியுமா?

இந்த இடத்தில்தான் முதலாளியின் மைத்துனர் திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர் குத்தியிருப்பார். ஊரில் கரண்டே இல்லை, டெஸ்டர் எதற்கு என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. வீட்டுச் சுவரில் வரும் கரண்டைப் பார்க்கிற அந்தச் சாமானைப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு, “பல்பு எரியல மாமா. உள்ளுக்குள்ள எங்கயோ ஷார்ட்டு” என்றார். பேட்டரிக்கு அந்தப் பல்பு எரியவே எரியாது என்பது இன்றைக்கு எனக்கே தெரியும், நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியவன்.

அதன்பிறகு இரண்டு நாள், கோழிக்குக் குடலை உருவுவதுபோல் காரின் வயிற்றிலிருந்து ஒயர் ஒயராக உருவித் தரையில் பரப்பினார். சிவப்பு ஒயர் எதற்கு என்று முதலாளி கேட்டால் “அது மெயினு” என்பார். பச்சை எதற்கு என்றாலும் மெயின்தான். இத்தனையும் செய்தவர், பேட்டரிச் சந்தனத்தைக் கண்டால் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளிப் போவார். கோளாறு அதற்கு அடியில் இருந்தது.

உருவிய ஒயரை எல்லாம் அப்பா பொறுமையாகத் திரும்ப மாட்டினார். அப்போதும் வண்டி எடுக்கவில்லை.

“வண்டியில ஒண்ணுமில்ல மாமா. தொடுற கை ராசியில்ல. எங்கிட்ட ஒரு டிரைவர் இருக்கான், சொன்னா நாளைக்கே வருவான்” என்றார் டெஸ்டர்காரர். கடைசியில் பூனைக்குட்டி வெளியே வந்தது.

“வெள்ளிக்கெழம காலையில எடுக்கலன்னா சாவிய ஆணில மாட்டிட்டுப் போயிருடா” என்றார் முதலாளி.

வீட்டில் அம்மா உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னார், “சந்தனம் காஞ்சு கெடக்கு. கரண்டு எங்க ஏறும்?”

“அத அங்க சொல்லாம இங்க வந்து சொல்லு. நானா வண்டி வச்சிருக்கேன்?”

“மொதலாளி கையால வச்சது. நான் தொடச்சா வண்டி ஓடும்டி. ஓட்ட நான் இருக்கமாட்டேன்.”

வெள்ளிக்கிழமை காலை டெஸ்டர்காரர் கார் மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார்.

“மொதலாளி, பூச வச்சோம், அபிஷேகம் பண்ணல. கொறையா நிக்குது போல. கொஞ்சம் வெந்நீர்ல மஞ்சளக் கரச்சு ஊத்திப் பாக்கட்டுங்களா?”

அபிஷேகம் என்ற வார்த்தைக்கு முதலாளி முகம் மலர்ந்தது. டெஸ்டர்காரர் மட்டும், “ஊத்துறதுன்னா ஊத்து. கிளாம்ப எதுக்குக் கழட்டுற?” என்றார்.

“மாலையக் கழட்டாம சாமிக்கு யாருங்க அபிஷேகம் பண்ணுவாங்க?”

முதலாளியே, “கழட்டட்டும் விடு மாப்ள” என்றார். அப்பா கிளாம்பைக் கழற்றி, கொதிக்கிற நீரை இரண்டு முனையிலும் மெதுவாக ஊற்றினார். சந்தனம் கரைந்து மஞ்சளாக ஓடியது. ஓடியதை முதலாளி விரலில் தொட்டு நெற்றியில் வைக்கப் போனார். “திராவகம், எரியுமுங்க” என்று அப்பா சொன்னதும் கையை உதறினார். முனைகள் பளபளத்தன. அப்பா கிளாம்பை முடுக்கி, சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே உறுமியது.

முதலாளி திரும்பி மைத்துனர் தோளைத் தட்டினார். “எலுமிச்சம்பழம் வேல செஞ்சிருச்சு மாப்ள.” டெஸ்டர்காரரும் வெட்கமில்லாமல் தலையாட்டினார். அப்பா ரயிலடிக்கு வண்டியை விட்டார். சம்பந்தம் முடிந்தது, அப்பாவுக்கு வேலை நிலைத்தது. பெயர் எலுமிச்சம்பழத்துக்குப் போனது.

அந்த மில் இன்றைக்குக் கல்யாண மண்டபம். பிளஷர் எந்தக் காயலான் கடையில் உடைபட்டதோ தெரியாது. தன் கையால் வைத்ததை எவனும் தொடக் கூடாது என்கிற முதலாளிகளும் போய்விட்டார்கள். மடத்தனம்தான் போகவில்லை. போன ஆயுத பூசை முடிந்து, பெரம்பலூரில் என் மகனுடைய பழைய கார் எடுக்கவில்லை. இரண்டு பேர் வந்து, கம்ப்யூட்டரைச் சொருகி, எதையெதையோ மாற்ற வேண்டும் என்று பட்டியல் வாசித்தார்கள். நான் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முனைமேல் சந்தனம். வைத்தவன் என் மகன். துடைத்தால் அவனைக் கேட்க ஆளில்லை, ஆனாலும் அவனுக்குத் துடைக்கத் தோன்றவில்லை.

வண்டி வைத்திருக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் சொல்லிவிடுங்கள்: சந்தனத்தைப் பேட்டரியின் முதுகில் வைக்கட்டும், முனையில் வேண்டாம். யார் சொன்னது என்று கேட்டால் டிரைவர் என்று சொல்லாதீர்கள். கலியபெருமாள் சொன்னார் என்று சொல்லுங்கள்.